எக்ஸ்சேஞ்சக்காவின் கட்சித் தாவல்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து யார் போன் போட்டாலும் முதலில் கேட்பது அவள் குரலைத்தான். "வணக்கம், சொல்லுங்க" என்று அவள் சொன்ன மாத்திரத்தில் எதிர்முனையில் அழுதுகொண்டிருப்பவர்கூட மூக்கை உறிஞ்சிவிட்டு ஒழுங்காகப் பேச ஆரம்பித்துவிடுவார் என்று நர்சுகள் சொல்வார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்ததால் அவள் எல்லோருக்கும் எக்ஸ்சேஞ்சக்கா. பெரிய டாக்டரிலிருந்து கேண்டீன்காரர்வரை அதே பெயர்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அவளிடம் சோகக் கதை எதுவும் கிடைக்காது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால், "சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, பார்வை கிடையாது, எழுதிக்கோங்க" என்பாள். கட்டிடத்தில் இருக்கும் அத்தனை போன் எண்களும் அவளுக்கு அத்துப்படி. எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த வார்டில் இருப்பார் என்பது அந்த டாக்டரின் மனைவியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு கிண்டல்கூட உண்டு.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனுஷன். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு போனுக்கும் பெயர் வைத்தது அவன்தான். முதல் போனுக்குப் பெயர் கிழவன்.

கிழவன் பட்டன் போன். ஆனால் பேசும். ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி, அவளும் பார்வை இல்லாதவள்தான், எங்கிருந்தோ ஒரு மென்பொருளைப் பிடித்து வந்து அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். பட்டனை அழுத்த அழுத்தக் கிழவன் தொண்டை கட்டின குரலில் வாசிப்பான். அதுவரை அவளுக்கு வந்த மெசேஜையெல்லாம் புருஷன் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லவன்தான், ஒன்றையும் மறைத்ததில்லை. ஆனாலும் தனக்கு வந்த செய்தியை இன்னொருவர் வாயால் கேட்பது, பல் துலக்கிவிட ஆள் வைத்துக்கொள்வது மாதிரி அவளுக்குக் கூசும். கிழவன் வந்த பிறகு அந்தக் கூச்சம் போயிற்று. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் மெசேஜ் அடிக்குமளவுக்கு அவள் விரல் அந்தப் பட்டன்களில் பழகிவிட்டது.

கிழவனுக்குச் சாவு தண்ணீரில் எழுதியிருந்தது. நடை பழகிய வயதில் இருந்த மகள் அவனைக் குளிப்பாட்டுகிறேன் என்று வாளிக்குள் போட்டுவிட்டாள். லிஃப்டையே பிரித்து மாட்டுகிற மனுஷன் கிழவனையும் பிரித்துப் பார்த்தான், வெயிலில் காயவைத்தான், அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கடைத்தெருவில் இருந்த போன் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வகையை அந்தக் கம்பெனியே நிறுத்திடுச்சுக்கா. இப்ப வர்றது எல்லாம் கண்ணாடிதான்."

ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. ஜன்னல் துடைப்பது போல இருந்தது. எங்கே ஐந்தாம் எண், எங்கே பச்சைப் பட்டன்? இவ்வளவு நாள் படித்த படிப்பை ஒரே கையால் அழித்துவிட்டது போல அவளுக்கு இருந்தது.

கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். "உங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம்? பேசுறதுக்கு மட்டும் ஒரு சின்ன போன் தரேன். மெசேஜ் வந்தா வீட்ல யாராவது படிச்சுச் சொல்லப்போறாங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கடையில் நின்றபடியே, கூட வந்திருந்த புருஷனின் போனில் ரேடியோவைக் கூப்பிட்டாள். ரேடியோவிடம் எல்லாச் செய்தியும் இருக்கும்.

"ஒரு கம்பெனியோடது இருக்குடி. கீழே ஒரே ஒரு பட்டன் இருக்கும். அதை மூணு தடவ தட்டினா பேசுமாம். எந்த மென்பொருளும் போட வேண்டாம். கேட்டுப் பாரு."

கடைக்காரருக்கே அது தெரியாது. தட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். போன் வழவழவென்று ஆங்கிலத்தில் பேசியது. அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதைச் சொன்னது. நகர்த்தினாள். அடுத்ததைச் சொன்னது. கண்ணாடிக்கு அடியில் ஒரு பெரிய வீடு இருப்பதும், அதில் அறை அறையாகத் தான் கை வைத்துப் போகலாம் என்பதும் அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதையே குடுங்க" என்றாள்.

இங்கிலீஷைத் தவிர வேறு பேசாததால் அதற்குத் துரை என்று பெயர் விழுந்தது.

துரை லேசில் பிடி கொடுக்கவில்லை. ஒரு தட்டு தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தட்டினால் யாருக்கோ போன் போய்விடும். மதிய நேரத்தில் பெரிய டாக்டருக்குத் தவறுதலாகப் போன் போட்டுவிட்டு, "என்னம்மா அவசரம்?" என்று அவர் பதற, "ஒண்ணுமில்ல சார், சாப்டீங்களான்னு கேக்கலாம்னு..." என்று சமாளித்தாள். புருஷன் ஒருநாள் லிஃப்ட் பெட்டிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஆள் பேசவில்லை. யாரோ ஒருவன் இங்கிலீஷில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, உன் துரை என்னையும் வேலை வாங்குறான்" என்றான் வீட்டுக்கு வந்து.

"சிரிக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க."

பார்த்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "அம்மா, உங்க போன் அணைஞ்சு கிடக்கு. சார்ஜ் இல்ல போல" என்று சொல்ல, அவள் அந்தக் கறுத்த திரையில் நீளமான ஒரு மெசேஜை அடித்து அனுப்பிவிட்டு, "எனக்கு வெளிச்சம் எதுக்குங்க, சார்ஜ் மிச்சமாகட்டும்னு நான்தான் அணைச்சு வச்சிருக்கேன்" என்றதையும் பார்த்தான். அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

மகள் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போன காலையில் எக்ஸ்சேஞ்சக்கா துரையின் கேமராவைத் திறந்து குழந்தையின் பக்கம் நீட்டினாள். கையை வலப்பக்கம் நகர்த்தினாள், கொஞ்சம் தூக்கினாள். "ஒரு முகம், நடுவில்" என்று துரை தன் பாஷையில் சொன்னான். தட்டினாள். கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் குழந்தை ஷூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் "யாரு எடுத்தது, ரொம்ப நல்லா இருக்கே" என்று கேட்டால், "நான்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்து வரும் மௌனத்தை அவள் ருசித்துக்கொண்டு நிற்பாள்.

வினை பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்தது. டீச்சர் தினமும் பெற்றோர்களுக்கு மெசேஜ் அனுப்புவார், தமிழில். துரைக்கு அந்தக் காலத்தில் தமிழ் வராது. தமிழ் எழுத்தைக் கண்டால் வாசலில் நிற்கும் பிச்சைக்காரரைக் கண்ட பணக்காரன் மாதிரி கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடுவான். ஒருநாள் மகள் வாடிய முகத்தோடு வந்தாள். குரலிலேயே அது தெரிந்தது.

"எல்லாரும் கலர் பேப்பர் கொண்டு வந்தாங்கம்மா. நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தேன். டீச்சர் உங்கம்மாவுக்கு மெசேஜ் போட்டேனேன்னாங்க."

"என்கிட்ட காட்டியிருந்தா நான் படிச்சிருப்பேனே" என்றான் புருஷன்.

"அதானே வேணாம்கிறேன்."

மறுபடியும் கடைத்தெரு. இந்த முறை வேறு கம்பெனி, அடியோடு வேறு அமைப்பு. அதில் தமிழ்க் குரல் உண்டு என்று ரேடியோ துப்புக் கொடுத்திருந்தாள். சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு கிளம்பியது. நாத்தனார் எதையும் முகத்துக்கு நேரே சொல்பவள்.

"நல்லா இருக்கற போனைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணா? கண்ணு தெரியற நாங்களே ஒரே போனைக் கட்டிக்கிட்டு அழறோம், அண்ணி!"

"என்னோடது எனக்குப் புரியற மாதிரி பேசணும்ல?" என்றாள் அவள்.

புதிதாக வந்தது தமிழ் வாசித்தது. வாசித்தது என்றுதான் சொல்ல வேண்டும், பேசியது என்று சொல்ல முடியாது. தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கினாற்போல ஒரு குரல். மூச்சு விடாமல், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒரே இழுப்பாக இழுக்கும். புருஷன் அதற்குப் புலவர் என்று பெயர் வைத்தான். நாத்தனார் தினமும் காலையில் அனுப்பும் வணக்கத்தில் பூப் படமாகப் போட்டுத் தள்ளியிருப்பாள். புலவர் ஒன்றையும் விடமாட்டார். "ரோஜாப்பூ ரோஜாப்பூ ரோஜாப்பூ ரோஜாப்பூ" என்று கடைசிப் பூவரை அடுக்கிவிட்டுத்தான் ஓய்வார். மகள் தரையில் புரண்டு சிரிப்பாள்.

ஆனால் விரல் மறுபடியும் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. துரையிடம் இரண்டு விரலை வைத்துக் குழாய் திருகுவது போலத் திருகினால் வாசிக்கும் விதம் மாறும். புலவரிடம் எவ்வளவு திருகினாலும் அசைய மாட்டார். அவருக்கு ஒரே விரலால் மேலிருந்து கீழே இழுத்து அப்படியே பக்கவாட்டில் வளைக்க வேண்டும். துரையிடம் பக்கம் புரட்ட மூன்று விரல், இவரிடம் இரண்டு. கை தூக்கத்தில்கூடப் பழைய பக்கம் போகும். "புகுந்த வீட்டுக்கு வந்த புதுசுல உங்க வீட்டு அடுப்படியில உப்பு டப்பாவைத் தேடினேனே, அது மாதிரிதான்" என்றாள் புருஷனிடம். "அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சேன்?"

அதிலேயே ஒருநாள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். பார்வை இல்லாதவர்கள் எழுதும் பிரெயில் புள்ளி எழுத்தைத் திரையின் மேலேயே ஆறு விரலால் அடிக்கலாம். தமிழிலேயே. அதுவரை அவள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். அன்று எக்ஸ்சேஞ்சில் அழைப்பு ஓய்ந்திருந்த நேரத்தில், போனின் திரை எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பருவத்தில் கற்ற புள்ளிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து அடித்தாள். வீட்டிலிருந்த மகளுக்கு அது போய்ச் சேர்ந்தது: 'செல்லம், சாயங்காலம் வரும்போது கலர் பேப்பர் வாங்கி வருகிறேன். என்னென்ன கலர் வேண்டும் என்று எழுது.'

அப்பாவின் போனை வைத்துக்கொண்டிருந்த மகளிடமிருந்து பதில் வந்தது. எழுத்துப் பிழையோடு. புலவர் அந்தப் பிழையையும் அப்படியே வாசித்தார். அவள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்ள மறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வந்த அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பணிக்காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு துரையின் கம்பெனியும் தமிழ் கற்றுக்கொண்டது, அதுவும் நல்ல குரலில். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு அவசர அழைப்புக்கென்று அந்தக் கம்பெனி போனைத்தான் கொடுத்தார்கள். ஆக அவள் பையில் இரண்டு போன். கொஞ்ச நாள் இங்கே, கொஞ்ச நாள் அங்கே. ஒவ்வொரு கம்பெனியும் புதிதாக என்ன விட்டிருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கடைக்காரரே புது மாடல் வந்தால் முதலில் அவளைக் கூப்பிடுவார். "அக்கா, இதைக் கொஞ்சம் பேச வைங்க பார்ப்போம்." ரேடியோ அவளுக்குக் கட்சித் தாவி என்று பட்டம் கொடுத்தாள்.

"எந்தக் கட்சியில இருக்கேன்னு காலையில எழுந்ததும் போன் போட்டுக் கேட்டுக்கணும்டி உன்கிட்ட" என்பாள்.

மகள் அவள் தோளளவுக்கு வளர்ந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சை மூடும் உத்தரவு வந்தது. இனிமேல் இயந்திரமே எடுக்கும், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும். நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன்மையாகத்தான் சொன்னார்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் பயமில்லம்மா. ரெக்கார்டு ரூம்ல ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

"அங்க எனக்கு என்ன சார் வேலை?"

"சும்மா இருங்க. சம்பளம் வரும்."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அன்று வீட்டில் புருஷன் எந்தப் பெயரும் வைக்காமல், எந்தக் கிண்டலும் செய்யாமல் அவளுக்குத் தட்டை வைத்தான். சும்மா இருப்பது என்ற வேலைக்கு அவளுக்குப் பயிற்சி கிடையாது.

ரெக்கார்டு ரூமில் தூசியைத் தவிர யாரும் அவளைத் தேடி வரவில்லை. அப்படி இருந்த நாட்களில் ஒரு முற்பகல் கண் வார்டு டாக்டரம்மா வந்து நின்றார்.

"எக்ஸ்சேஞ்சக்கா, ஒரு உதவி. வார்டுல ஒரு லாரி டிரைவர். விபத்துல ரெண்டு கண்ணும் போச்சு. நாங்க செய்யக்கூடியதைச் செஞ்சாச்சு, இனி வராதுன்னு சொல்லியாச்சு. மனுஷன் சாப்பிட மாட்டேங்கிறார், பேச மாட்டேங்கிறார். எனக்கு வேற யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல."

அவள் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

லாரிக்காரர் கட்டிலில் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். அவளைவிட வயதில் மூத்தவர். அவர் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, வணக்கம். நான் இங்கதான் வேலை பாக்குறேன். எனக்கும் பார்வை கிடையாது."

"ஆறுதல் சொல்ல வந்தியா?"

"இல்லண்ணே. அது எனக்கு வராது. உங்க போன் எங்க?"

மனைவிதான் சொன்னாள். "எங்கிட்ட இருக்கு. இனிமே எதுக்குன்னு தூக்கி எறிஞ்சிட்டார். ஓரத்துல விரிசல் விட்டிருக்கு."

"பரவாயில்ல அண்ணி, குடுங்க."

கையில் வாங்கியதும் ஓரங்களைத் தடவினாள். துரையின் கம்பெனியும் இல்லை, புலவரின் கம்பெனியும் இல்லை. மூன்றாவது ஒன்று. ஆனால் உள்ளே இருக்கும் அமைப்பு புலவர் வகைதான் என்பதைப் பக்கத்துப் பொத்தான்கள் இருந்த இடம் காட்டிக் கொடுத்தது. சத்தம் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். போன் வாயைத் திறந்தது.

லாரிக்காரர் தலையைத் திருப்பினார். "யாரது?"

"உங்க போன்தான். இத்தனை நாள் உங்க பையில வாய மூடிக்கிட்டு இருந்திருக்கு. எதைத் திறக்கணும், சொல்லுங்க."

அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்க டிரைவருங்க குரூப் ஒண்ணு இருக்கு" என்றார். "யார் யார் எங்க போய்ட்டிருக்காங்கன்னு போடுவானுங்க. அதைப் படிக்கச் சொன்னா இவ அழுதுடறா."

"நான் படிக்கப் போறதில்ல. நீங்க படிங்க. விரலைக் குடுங்க. தட்டாதீங்க, தடவுங்க. ரோட்டைப் பாத்து மெதுவா உருட்டுற மாதிரி."

விரல் தப்பான இடத்துக்குப் போனது, கேமரா திறந்தது, வேறு யாருக்கோ அழைப்பு போகப் பார்த்தது. "நான் பெரிய டாக்டருக்கே போட்டிருக்கேன், நீங்க பயப்படாதீங்க" என்றாள். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி முயன்றார். குரூப்பின் பெயரைப் போன் சொன்னது. "இப்ப ரெண்டு தட்டு" என்றாள். தட்டினார். போன் தகரக் குரலில் வாசித்தது:

"அண்ணே, பாலம் தாண்டிட்டோம். உங்க வண்டிய நான்தான் ஓட்டுறேன். கிளச்சு இன்னும் உங்க பேச்சத்தான் கேக்குது, என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

லாரிக்காரருக்கு முதலில் இருமல் மாதிரி ஏதோ வந்தது. அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. "அந்தக் கிளச்சை அமுக்கிப் பிடிக்கக் கூடாதுடா, மடையா" என்று போனைப் பார்த்தே திட்டினார். பிறகு, "இவனுக்கு எப்படிப் பதில் போடறது? சொல்லிக் குடும்மா" என்றார். அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டார் என்று வார்டு நர்ஸ் மாடியிலிருந்து ஓடிவந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா அனுப்பியவர்கள், லாரிக்காரர் சொல்லி வந்தவர்கள், பார்வை மங்கிக்கொண்டே வந்த ஒரு தையல்காரி, ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே.

"எந்த போன் வாங்கணும்?"

"எதுவும் வாங்க வேணாம். உங்க பையில இருக்கறதை எடுங்க."

ஒவ்வொருவர் பையிலும் ஒவ்வொரு கம்பெனி. ஒன்றிலேயே நிலையாக இருந்திருந்தால் அவளுக்குப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்திருக்கும். இத்தனை வருஷமாக அவள் கை போய் வந்த பாதைகள் எல்லாம் விரலில் அப்படியே இருந்தன. வாங்கித் தடவிப் பார்ப்பாள். இது திருகுவதா, வளைப்பதா, மூன்று விரலா, இரண்டா என்று கை தானாகவே தீர்மானித்துக்கொள்ளும். டாக்டரம்மா நிர்வாக அதிகாரியிடம் போய்ப் பேசினார். அதிகாரி வந்து ஒரு மணிநேரம் ஓரமாக நின்று பார்த்தார். கண் வார்டுக்குப் பக்கத்தில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கதவில் அவள் பெயரை, சம்பளச் சீட்டில் மட்டும் இருந்த அந்தப் பெயரை, எழுத்திலும் புள்ளியிலும் பொறித்துப் பலகை மாட்டினார்கள். புருஷன் அரை நாள் லீவு போட்டு வந்து அந்தப் பலகையின் திருகாணிகளைத் தானே முறுக்கினான். மகள் அதைப் போட்டோ எடுத்துத் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். நாத்தனார் இப்போது கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அண்ணி கை படாத கம்பெனியே கிடையாது, தெரியுமா?" என்று அளப்பதாகச் சேதி.

அவளும் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தாள், ஒருமுறை அல்ல. காலையில் கதவைத் திறக்கும்போது விரல் அதன்மேல் கொஞ்சம் தங்கித்தான் உள்ளே போகும். அதை அவள் யாருக்கும் மறைப்பதில்லை.

நேற்று மத்தியானம் ஒரு பேக்கரிக்காரர் தன் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அக்கா தயங்கித் தயங்கி ஒரு போனை மேஜைமேல் வைத்தாள்.

"என் மகன் வெளியூர்லேர்ந்து வாங்கியாந்தது. புதுசாம். எந்தக் கம்பெனின்னே எனக்குத் தெரியாதும்மா. கடையில கேட்டா அவங்களுக்கும் தெரியல."

அவள் அதை எடுத்தாள். ஓரம் தடவினாள், முதுகைத் தடவினாள், தெரிந்த இடத்தில் தெரிந்த பொத்தான் இல்லை. கண்ணாடி நடுவில் மடிந்தது. இப்படி ஒன்று அவள் கைக்கு வந்ததே இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் தெரியலக்கா" என்றாள், வாயெல்லாம் பல்லாக. "உக்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பாத்துடலாம்."